புராஸ்டேட் ஆபரேஷன் ஆகி ஆறு வாரம், கூடவே கொஞ்சம் ராஜா கதை

ரங்கூன் தாத்தா (யாங்கோன்)
10 மார்ச் 2024, காலை 9.10

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரிக் கடைசியிலிருந்து நான் இந்தப் பக்கம் வரவில்லை. ஆளைக் காணோமே என்று நாலைந்து பேர் விசாரித்திருந்தீர்கள். ஒருவருக்குப் பல் வைத்தியம் என்று பதில் போட்டேன். அது பொய். பக்கத்து வீட்டுக்காரரிடமும் அதே பொய், கோயில் குருக்களிடமும் அதே பொய். பல்லுக்காக ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் படுப்பார்களா என்று குருக்கள் கேட்கவில்லை. பெரிய மனிதர்.

எனக்குச் செய்தது புராஸ்டேட் ஆபரேஷன். ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி அது, வீங்கினால் வழியை அடைக்கும். வயது 78. இரண்டு வருஷமாகவே ராத்திரி நாலு தடவை, ஐந்து தடவை எழுந்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் ராத்திரி கரண்ட் இருந்தால்தான் அதிசயம். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு கையால் சுவரையும் மறு கையால் கைலியையும் பிடித்துக்கொண்டு நின்றால் வருவது சொட்டுச் சொட்டாக. கால் கடுத்துப்போகும். வயசானால் இப்படித்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

ஜனவரி நடுவில் ஜலதோஷம் பிடித்தது. தெருமுனைக் கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டேன். அன்று ராத்திரி சுத்தமாக அடைத்துக்கொண்டது. அடிவயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. மகன் சிங்கப்பூரில். அவனிடமே சொல்ல வெட்கப்பட்ட விஷயத்தை நடு ராத்திரியில் மருமகளை எழுப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் ஒன்றும் கேட்கவில்லை. “சட்டையைப் போடுங்க மாமா” என்று சொல்லிவிட்டுக் கீழே டாக்சி பிடிக்க ஓடினாள்.

டியூப் போட்டு வடித்தார்கள். அந்த நிமிஷம் கிடைத்த சுகத்தை எந்தச் சக்கரவர்த்தியும் அனுபவித்திருக்க மாட்டான். அப்புறம் பத்து நாள் பையும் குழாயுமாக இருந்து, ஜனவரிக் கடைசி வாரத்தில் ஆபரேஷன். வயிற்றைக் கிழிக்கவில்லை. மூத்திரம் வரும் வழியாகவே கருவியை விட்டு, அடைத்திருந்த சதையைச் சுரண்டி எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு போனைப் பார்த்தால் லண்டனில் சார்லஸ் ராஜாவுக்கும் அதே வாரம், அதே சங்கதி. புராஸ்டேட் வீக்கம், சிகிச்சைக்குப் போகிறார் என்று அரண்மனை ஜனவரி 17-ஆம் தேதியே அறிவித்துவிட்டதாம். 26-ஆம் தேதி சேர்ந்தார், 29-ஆம் தேதி வெளியே வந்தார். அவருக்கு மூன்று ராத்திரி, எனக்கு ஐந்து. அவர் என்னைவிட மூன்று வயது இளையவர் என்பதால் பரவாயில்லை.

வெள்ளைக்கார ராஜா மேல் எனக்குப் பக்தி ஒன்றும் கிடையாது. இந்த ஊரின் கடைசி ராஜா திபாவை இந்தியாவுக்குக் கப்பலேற்றிக் கொண்டுபோனவர்கள் அவர்கள்தான். ஆனாலும் ஒரு ராஜா தன் மூத்திரக் கோளாறை ஊருக்கெல்லாம் சொல்கிறார். நான் குருக்களிடம் பல் என்கிறேன். இது மனசைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

இப்போதைய பொழுது எப்படி என்றால், மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, 51 படி. முதல் ஒரு மாதம் இறங்கவே இல்லை. ரங்கூன் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப். கீழிருந்து இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பர்காரன் கிளிப்பில் பேப்பரை மாட்டுவான். மொஹிங்காக்காரம்மா பையில் மொஹிங்காவை, அதுதான் இந்த ஊர் மீன் குழம்பு நூடுல்ஸ், கட்டி மாட்டுவாள். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னாரே, ஒரு பொட்டலம் மொஹிங்கா கனமா இல்லையா என்று தெரியாமல் முதல் நாள் மருமகளைக் கூப்பிட்டேன். சிரித்துவிட்டாள்.

கேட்க வந்தது இதுதான். ஆபரேஷன் ஆகிப் பன்னிரண்டாம் நாள் மூத்திரத்தில் மறுபடியும் ரத்தம் வந்து இரண்டு நாளில் நின்றது. இது சகஜமா? டாக்டரிடம் அடுத்த முறை போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

---

வியாசர்பாடி நர்ஸ் (சென்னை)
10 மார்ச் 2024, மதியம் 1.35

அண்ணே, படித்ததும் பயந்துவிட்டேன். நல்லபடியாக முடிந்ததே, அது போதும். நான் 31 வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவள், அதிலே ஆறு வருஷம் இந்த வார்டிலேயே. எங்கள் குடும்பமும் 1964-இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்ததுதான். பி.வி. காலனியில்தான் வளர்ந்தேன், அதனால் உரிமையோடு திட்டலாம் அல்லவா?

பத்துப் பதினாலு நாளில் மறுபடி ரத்தம் வருவது பல பேருக்கு நடக்கும். உள்ளே புண் ஆறிப் பொருக்கு உதிர்கிற நேரம் அது. நிறையத் தண்ணீர் குடித்தால் நின்றுவிடும். கட்டி கட்டியாக வந்தாலோ, அடைத்துக்கொண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போங்கள்.

அந்த ஜலதோஷ மாத்திரைதான் உங்களைக் கவிழ்த்திருக்கும். மூக்கடைப்பைத் திறக்கிற மருந்து சிலது மூத்திரப்பையின் வாயை இறுக்கிவிடும். ஏற்கெனவே வீங்கியிருக்கிற ஆளுக்கு அது போதும். கடைக்காரருக்கு உங்கள் கதை தெரியாது, நீங்கள்தான் சொல்லவே மாட்டீர்களே!

சுரண்டி எடுத்த சதையை லேபுக்கு அனுப்பினார்களா, முடிவு என்ன, அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால், மூத்திரம் தடையில்லாமல் போவதற்கான டாம்சுலோசின் மாத்திரை கொடுத்திருந்தால், பின்னாடி கண்புரை ஆபரேஷனுக்குப் போகும்போது கண் டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். எப்போதோ நிறுத்தியிருந்தாலும் சொல்ல வேண்டும். அந்த மருந்து கண்மணியைத் தளர்த்திவிடும், தெரியாமல் கத்தி வைத்தால் சிக்கல்.

மலச்சிக்கல் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கக் கூடாது. பப்பாளி அங்கே தாராளமாகக் கிடைக்குமே. சொட்டுச் சொட்டாகக் கசிகிறதா? மூத்திரத்தை அடக்குவது போல இறுக்கி, ஐந்து எண்ணி விடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்கு மூன்று தடவை. டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது. டீயைக் குறையுங்கள்.

---

ரங்கூன் தாத்தா (யாங்கோன்)
10 மார்ச் 2024, மாலை 6.20

தங்கச்சிக்கு நன்றி. லேப் முடிவு வந்துவிட்டது, கெடுதல் ஒன்றும் இல்லை. ஒரு கண்ணில் ஏற்கெனவே ஆபரேஷன் ஆயிற்று, இன்னொன்று பாக்கி. டாம்சுலோசின் என்று காலண்டரில் எழுதி வைத்துவிட்டேன்.

டீ விஷயம் மட்டும் கஷ்டம். டீக்கடையில் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, பாலும் கண்டென்ஸ்டு மில்க்கும் கலந்த அந்த டீயை ஊதிக் குடிக்காமல் ரங்கூன்காரன் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது? நாளைக்கு ஒன்று என்று மருமகள் ராசியாகியிருக்கிறாள்.

---

சிரியம் தம்பி (தன்லியின்)
11 மார்ச் 2024, காலை 7.45

தாத்தா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ராஜா சொன்னார் என்று புல்லரிக்காதீர்கள். அவருக்குச் சொன்னால் என்ன நஷ்டம்? வேலை போகுமா, வாடகை பாக்கி விழுமா? பிப்ரவரி 5-ஆம் தேதி புற்றுநோய் என்றும் அறிவித்தார்கள். எந்த இடத்தில், எந்த வகை? புராஸ்டேட்டில் இல்லை என்றதோடு சரி. பாதியைச் சொல்லி மீதியை உள்ளே வைத்துக்கொள்வதற்குப் பெயர் வெளிப்படையா? நாங்கள் இங்கே ஒரு ஸ்கேனுக்கு மோதிரத்தை அடகு வைக்கிறோம். ராஜாக்கள் கதை நமக்கு எதற்கு?

---

ஈப்போ வாத்தியார் (மலேசியா)
11 மார்ச் 2024, இரவு 9.05

தம்பி சொல்வதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் அந்த வீட்டின் பழைய வழக்கத்தோடு வைத்துப் பார்த்தால் இந்தப் பாதியே பெரிசு.

சார்லஸின் தாத்தா ஆறாம் ஜார்ஜுக்கு 1951 செப்டம்பரில் இடது நுரையீரலை எடுத்தார்கள். அறிக்கையில் வந்த வார்த்தை “அமைப்பு மாற்றங்கள்”. புற்றுநோய் என்ற சொல்லை மக்களிடம் மட்டுமல்ல, அவரிடமே சொல்லவில்லை. 1952 பிப்ரவரி 6-இல் தூக்கத்திலேயே போய்விட்டார். தன் உடம்பில் என்ன இருந்தது என்று தெரியாமலே போன ராஜா.

அவருடைய அப்பா கதை இன்னும் மோசம். ஐந்தாம் ஜார்ஜ் 1936 ஜனவரி 20 ராத்திரி இழுத்துக்கொண்டு கிடந்தார். மறுநாள் காலைப் பத்திரிகையில் சேதி கௌரவமாக வர வேண்டும், சாயங்காலத் தாள்களுக்குப் போய்விடக் கூடாது என்று அரண்மனை வைத்தியரே மார்ஃபினும் கொக்கெயினும் ஊசி போட்டுச் சீக்கிரம் முடித்துவைத்தார். ஏதோ வதந்தி இல்லை இது, வைத்தியர் தன் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார். 1986-இல்தான் வெளியே வந்தது. அச்சு ஏறும் நேரத்துக்காகச் செத்த ராஜா உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

சார்லஸ் சொன்ன பிறகு இங்கிலாந்தில் புராஸ்டேட் பற்றி அரசாங்கச் சுகாதாரப் பக்கத்தில் தேடியவர்கள் பல மடங்கு கூடினார்களாம். அதில் ஒரு சிலராவது டாக்டரிடம் போயிருப்பார்கள். தாத்தாவையும் எங்களிடம் பேச வைத்திருக்கிறது.

---

மாண்டலே மருமகள் (மாண்டலே)
12 மார்ச் 2024, காலை 11.30

நல்ல நேரத்தில் பேச்சு வந்தது. ராஜாவின் நோயை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊரைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

1878-இல் பர்மாவின் ராஜா மிண்டோன் மன்னருக்குச் சீதபேதி. படுத்த படுக்கை. வாரிசு யார் என்று முடிவாகவில்லை, பிள்ளைகளோ டஜன் கணக்கில். அந்தப்புரத்தில் சின்ப்யூமாஷின் ராணி கை ஓங்கியிருந்தது. செப்டம்பரில், அப்பா பார்க்க விரும்புகிறார் என்று இளவரசர்களுக்கு ஆள் போயிற்று. வந்தவர்களை எல்லாம் பிடித்து அடைத்தார்கள். நியாவுங்யான், நியாவுங்ஓக் என்ற இரண்டு பேர் மட்டும் மோப்பம் பிடித்து, மாறுவேஷத்தில் பிரிட்டிஷ் பிரதிநிதி இருந்த ரெசிடென்சிக்குள் ஓடித் தப்பினார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா எப்படி இருக்கிறார் என்று பெற்ற பிள்ளைகளுக்கே தெரியாது. அக்டோபர் 1-ஆம் தேதி மிண்டோன் இறந்தார், அந்த ராணி ஆதரித்த பிள்ளை திபாவ் ராஜாவானார். மறு வருஷம் பிப்ரவரியில், அடைத்து வைத்திருந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றார்கள். பெண்கள், குழந்தைகளைக்கூட விடவில்லை.

மிண்டோன் கண்ணை மூடிய அறை இன்றைக்கும் நிற்கிறது, ஷ்வேநந்தாவ் மடம் என்ற பெயரில். செத்தவர் ஆவி சுற்றுகிறது என்று திபாவ் பயந்து, அந்தக் கட்டிடத்தை அரண்மனைக்குள்ளிருந்து பிரித்து வெளியே கொண்டுபோய் வைத்தார். பிறகு 1945 மார்ச்சில் சண்டையில் அரண்மனை முழுக்க எரிந்தது. பெரிய கட்டிடங்களில், வெளியே தள்ளினார்களே, அது ஒன்றுதான் தப்பித்தது. என் மாமியாருக்கு மூட்டு வலி. ஆனாலும் விருந்தாளி யார் வந்தாலும் அங்கே கூட்டிப் போவார், மரச் சிற்பத்தை விரலால் தடவித் தடவிக் காட்டுவார். தேக்கு அப்படியே வழவழ என்று இருக்கும்.

தாத்தா, அடைத்துக்கொண்ட ராத்திரி நீங்கள் கதவைத் தட்டியதைப் பற்றி உங்கள் மருமகள் என்ன நினைத்திருப்பார் தெரியுமா? நானும் மருமகள்தான், சொல்கிறேன். முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாமா என்று மனசுக்குள் திட்டியிருப்பார்.

---

சிரியம் தம்பி (தன்லியின்)
12 மார்ச் 2024, மதியம் 12.10

சீதபேதியால் ஒரு ராஜ்யமே போயிற்று என்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன், இது நல்ல கதை.

---

வேலூர்க்காரன் (வேலூர்)
13 மார்ச் 2024, காலை 8.00

எங்கள் ஊரிலும் ஒருவர் இருக்கிறார். கண்டியின் கடைசி ராஜா விக்கிரம ராஜசிங்கன். 1815-இல் பிடித்து வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள், 1832-இல் இங்கேயே காலமானார். பாலாற்றங்கரையில் அவர் சமாதி, முத்து மண்டபம் என்பார்கள். போகிற பஸ்ஸில் பார்த்துக்கொண்டே போவோம், இறங்கியவர்கள் குறைவு. தாத்தா சீக்கிரம் குணமடைய ஜலகண்டேஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

---

நெறியாளர்
14 மார்ச் 2024

சார்லஸின் மருமகள் இளவரசி கேட்டின் அன்னையர் தினப் படத்தை வைத்து வந்த நாலு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். படம் திருத்தப்பட்டது என்பதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். அதைத் தாண்டி, ஒரு பெண்ணின் வயிற்று ஆபரேஷனைப் பற்றி ஊகம் எழுத இந்த இழை இல்லை. தாத்தாவின் உடம்பு, ராஜாக்களின் வரலாறு, இரண்டும் தொடரட்டும்.

---

ரங்கூன் தாத்தா (யாங்கோன்)
24 மார்ச் 2024, மாலை 5.50

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். டாக்டர் பார்த்துவிட்டார். படி இறங்கலாம், டாக்சியில் போகலாம், சைக்கிள் மட்டும் இன்னும் வேண்டாம் என்றார். ராத்திரி இப்போது ஒரு தடவைதான் எழுந்திருக்கிறேன். நேற்று அதிகாலை எழுந்தபோது போனைப் பார்த்தால், அந்த மருமகப் பெண் கேட் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தனக்கும் புற்றுநோய், மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறேன் என்று பேசுகிறார். பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்ல நேரம் பிடித்தது என்றார். நெறியாளர் நீக்கியது சரிதான்.

இன்று காலை முதல்முறையாக வெளியே போனேன். எங்கே என்று மருமகள் கேட்டாள். பகதூர் ஷா சமாதிக்கு என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் நேராகச் சமாதிக்கா என்று முறைத்துவிட்டு, கூடவே வந்தாள்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. டெல்லியின் கடைசி பாதுஷாவை 1857 கலகத்துக்குப் பிறகு இங்கே கொண்டுவந்து காவலில் வைத்தார்கள். 1862 நவம்பர் 7-இல், 87 வயதில் இறந்தார். அன்று மாலையே செங்கல் குழியில் அடக்கம் செய்து, மேலே புல்லைப் பதித்து, இடம் தெரியாமல் பண்ணிவிட்டார்கள். ஏதோ ஒரு கல்லை நட்டு ஜனங்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 1991-இல் சாக்கடைக்குத் தோண்டும்போதுதான் நிஜக் கல்லறை அகப்பட்டது. இப்போது அது தர்கா, ராஜா போய் மகானாகிவிட்டார். மேலே மண்டபத்தில் மூன்று சமாதிகள், அவருடையது, மனைவியுடையது, பேத்தியுடையது. தோண்டி எடுத்த நிஜமான இடம் கீழே, படி இறங்கிப் போக வேண்டும்.

51 படி இறங்கி வந்தவனுக்கு அந்தச் சில படி பெரிதில்லை. இருந்தாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மருமகள் மட்டும் இறங்கிப் போய் வந்தாள். பச்சைத் துணி, மேலே ரோஜா இதழ், ஊதுபத்தி வாசம், நல்ல குளிர்ச்சியாக இருக்கிறது மாமா என்றாள். வெளியே 38 டிகிரி.

மேலே தரையில் உட்கார்ந்திருந்தபோது ஈப்போ வாத்தியார் எழுதியதை நினைத்துக்கொண்டேன். இந்த மனிதருடைய உடம்பைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் காவலுக்கு இருந்த ஆங்கிலேயக் கேப்டன் எழுதிய குறிப்புதான். தொண்டை செயலிழந்தது, சூப்பைக்கூட விழுங்க முடியவில்லை, நாள் நெருங்குகிறது, செங்கல்லும் சுண்ணாம்பும் தயார் செய்யச் சொன்னேன் என்ற ரீதியில். அவர் யாரிடமும் சொல்லவில்லை, அவரைப் பற்றி எழுதிவிட்டார்கள். திபாவுக்கும், அவரைக் கொண்டுபோய் வைத்த இந்தியாவின் மேற்குக் கடற்கரை ஊரான ரத்னகிரியில், அதேதான். தலைக்கு மேலே ஒரு போலீஸ் அதிகாரி, எதற்கெடுத்தாலும் ரிப்போர்ட். முப்பது வருஷம் அப்படி இருந்து 1916-இல் அங்கேயே போனார். தம்பி, பாதியைச் சொல்லிப் பாதியை வைத்துக்கொள்வது வெளிப்படையா என்று கேட்டாயே. பாதியை வைத்துக்கொள்ள முடிகிறதே, சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு அதுதான் சொத்து என்று தோன்றுகிறது. ஆஸ்பத்திரி கட்டிலில் பையும் குழாயுமாகக் கிடந்தபோது எனக்கு அதுகூட இல்லை. வருகிறவர் போகிறவர் எல்லாம் பையில் எவ்வளவு, என்ன நிறம் என்று பார்த்துக்கொண்டு போனார்கள்.

வருகிற வழியில் ஷ்வேடகோன் பகோடா தெற்கு வாசல் பக்கம் டாக்சியை நிறுத்தச் சொன்னேன். திபாவின் ராணி சுபயாலத் சமாதி அங்கேதான். 1919-இல்தான் அந்தம்மாளைத் திரும்பி வர விட்டார்கள், அதுவும் ரங்கூன் வரைக்கும். 1925-இல் இறந்த பிறகும் மாண்டலேக்குக் கொண்டுபோக விடவில்லை. டெல்லி பாதுஷா இந்த ஊரில், இந்த ஊர் ராஜா ரத்னகிரியில். யாரோ சாமான் ஏற்றும்போது மூட்டையை மாற்றிப் போட்டுவிட்ட மாதிரி. நான் இறங்கவில்லை, வெயில். மருமகள் தண்ணீர் பாட்டிலை நீட்டி, “மாமா, அரை லிட்டர்தான் ஆகியிருக்கு” என்றாள். அவளும் இப்போது கணக்கு எழுதுகிறாள். ஆனால் அந்தக் கேப்டனைப் போல இல்லை.

---

மாண்டலே மருமகள் (மாண்டலே)
24 மார்ச் 2024, இரவு 8.15

மூட்டை மாறிய உவமை என் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தார், அப்புறம் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ஆனால் சுபயாலத்துக்காக ரொம்ப உருகாதீர்கள் தாத்தா. 1879 பிப்ரவரியில் நடந்ததில் அந்தம்மாளுக்குப் பங்கில்லை என்று மாண்டலேயில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

---

ரங்கூன் தாத்தா (யாங்கோன்)
24 மார்ச் 2024, இரவு 9.00

உருகவில்லையம்மா. வெயில் என்று சொன்னேனே, இறங்காததற்கு அது ஒரு காரணம்தான்.

---

சிரியம் தம்பி (தன்லியின்)
25 மார்ச் 2024, காலை 7.20

தாத்தா, என் அப்பாவுக்கு 66. ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கிறார். நேற்று உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கேட்டேன். தண்ணீர் அதிகம் குடிக்கிறேன் என்கிறார். எப்படிப் பேச்சை எடுப்பது?

---

வியாசர்பாடி நர்ஸ் (சென்னை)
25 மார்ச் 2024, காலை 10.40

தம்பி, மூன்று நாள் அவர் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார் என்று குறித்து வை. சர்க்கரை இருந்தாலும் இப்படி ஆகும், முதலில் அதைப் பார்க்கச் சொல். எல்லா வீக்கத்துக்கும் கத்தி வேண்டாம், பல பேருக்கு மாத்திரையிலேயே சரியாகிவிடும். ஆபரேஷன் என்ற வார்த்தையை நீ முதலில் எடுக்காதே, அப்பா ஓடிவிடுவார்.

---

ரங்கூன் தாத்தா (யாங்கோன்)
29 மார்ச் 2024, மாலை 7.30

வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போயிருந்தேன். குருக்கள் என்னைப் பார்த்ததும், பல் எப்படி இருக்கிறது என்றார். பல் இல்லை சாமி, மூத்திரப்பை என்று சொல்லிவிட்டேன். அம்மன் சன்னதியில் நின்றுகொண்டு சொல்கிற வார்த்தையா என்று பிறகுதான் உறைத்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் விபூதியைக் கையில் போட்டார். குங்குமத்தையும் போட்டார். அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலேயே வந்து, அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: “அந்த டியூப் ரொம்ப வலிக்குமா?”

புதன்கிழமை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.

---

வியாசர்பாடி நர்ஸ் (சென்னை)
29 மார்ச் 2024, இரவு 8.05

அதுவரைக்கும் ஜலதோஷம் பிடித்தால் தெருமுனைக் கடையில் மாத்திரை வாங்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள் அண்ணே.